ஜனவரியில் உங்களுக்கென்று என்ன வாசித்தீர்கள்? (பிள்ளைகுட்டிக்காரர்களிடம் ஒரு கேள்வி)

கல்லடியாள்:

பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியதைக் கேட்கவில்லை, அதைப் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையக் கதைத்தாகிவிட்டது. உங்களுக்கென்று, உங்கள் ஆசைக்கென்று இந்த மாதம் என்ன வாசித்தீர்கள், அதற்கான நேரத்தை எங்கே பிடித்தீர்கள் என்பதுதான் கேள்வி. கேட்கிறவள் முதலில் தன் கணக்கை வைக்க வேண்டும் இல்லையா, வைக்கிறேன்.

ஜனவரி எப்படிப்பட்ட மாதம் என்று பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரியவள் ஐந்தாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள், அதாவது புலமைப்பரிசில் சோதினை ஆண்டு, இனி வீட்டில் என்ன கதை தொடங்கினாலும் அது மாதிரி வினாத்தாளில்தான் போய் முடியும். சின்னவனுக்குக் கொப்பி உறை, பெயர் ஒட்டுதல், கால் வளர்ந்துவிட்டதால் புதுச் சப்பாத்து. நடுவில் பொங்கல். கந்தோரில் வருடத் தொடக்க வேலை வேறு.

முழுதாக முடித்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்' ஒன்றுதான். சின்ன நாவல், கந்தோரில் ஒரு அக்கா தந்தது. இரவு எல்லாரும் படுத்த பிறகு கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு, மேல் தொட்டி நிறையும்வரை குசினி வாசலில் கதிரையைப் போட்டு வாசிப்பது, வழிகிற சத்தம் கேட்டதும் எழும்பி நிறுத்திவிட்டுப் படுக்கப் போவது. இப்படியே ஒரு நாவல் முடிந்துவிட்டது. தண்ணீர் வராத சென்னைத் தெருவின் கதையைத் தொட்டி நிறையும் சத்தத்தோடு வாசித்தது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கதாநாயகி ஜமுனாவை விட எனக்கு மனதில் நின்றது டீச்சரம்மாதான். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, வீட்டில் நோயாளிக் கணவனையும் மாமியாரையும் தாங்கிக்கொண்டு தண்ணீருக்கும் அலைகிற அந்த மனுசி, ஜமுனா உடைந்துபோய் நிற்கிற நேரத்தில் அவளிடம் தன் கதையைச் சொல்கிற இடத்தைத் திருப்பியும் வாசித்தேன். 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிணறுகள் உப்பாகிப்போய், தண்ணீர் பவுசர் வரும்வரை வாளிகளை வரிசையில் வைத்துக் காவல் இருந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எந்த வாளி எந்த வாளிக்கு முன்னால் போனது என்று பெரியவர்கள் போட்ட சண்டைகளும், அடுத்த நாளே அதே ஆட்கள் ஒருவருக்கொருவர் வாளி தூக்கிக் கொடுத்ததும் அந்தப் புத்தகத்தால்தான் திரும்ப ஞாபகம் வந்தன. இப்படி ஒரு புத்தகத்தைப் பற்றி நின்று கதைக்க வீட்டில் ஆளில்லை, அதனால்தான் இங்கே இவ்வளவு நீளம்.

மற்றது 'பொன்னியின் செல்வன்'. 2022இலும் 2023இலும் படங்கள் வந்தபோது இவர் ஐந்து பாகத்தையும் வாங்கிப்போட்டார். வந்தியத்தேவன் இலங்கைக்கு வருகிற இரண்டாம் பாகம்வரை ஓட்டமாக ஓடியது, மூன்றாவதும் பரவாயில்லை, நாலாவதில் கடம்பூர் மாளிகைக்குள் எல்லாரும் போய் அடைபட்டார்களே, அவர்களோடு நானும் அங்கேயே அடைபட்டுக் கிடக்கிறேன். ஒவ்வொரு முறையும் புத்தகத்தைத் திறந்தால் யார் யாருக்கு எதை மறைக்கிறார் என்பதை முதலில் இருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. கல்கி அதை வாரப் பத்திரிகையில் தொடராக எழுதியவர், வாரத்துக்கு ஒரு அத்தியாயம் என்றால் நானும் ஈடுகொடுப்பேன், என் வீட்டில் சில வாரம் அதுவும் நடப்பதில்லை.

அப்புறம் போனில் கண்ட துண்டு துணுக்குகள். அதைக் கணக்கில் எடுப்பதா என்று தெரியவில்லை.

பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் கதிரையில் கவிழ்ந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்குச் சோதினை வருது, தாய் கதைப் புத்தகம் வாசிக்கிறா" என்றார். அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

என் கேள்வி இதுதான். இப்படி அரைகுறையாக வெட்டுப்படுகிற நேரத்துக்கு எந்த மாதிரிப் புத்தகம் சரிவரும்? நீங்கள் எப்போது வாசிக்கிறீர்கள்? எங்கள் பக்கத்து ஆட்கள் எழுதியதாக இருந்தால் இன்னும் நல்லது, அதில் நான் வாசித்தது குறைவு. இந்தியப் புத்தகங்கள் இங்கே கடைக்கு வந்து சேரும்போது என்ன விலை என்பது தெரிந்ததுதானே, அதனால் வாங்கு வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.


வட்டைக்காரன்:

தங்கச்சி, நான் அம்பாறைப் பக்கம், மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஜனவரியில் நான் வாசிக்கிற இடம் வயல் வாடி, அதாவது காவல் குடிசை. பெரும்போக வேளாண்மை கதிர் தள்ளிப் பால் பிடிக்கிற நேரம், யானை மணம் பிடித்துக்கொண்டு வரும், இரவுக் காவல் போகாவிட்டால் விடியும்போது வயலில் ஒன்றும் மிஞ்சாது. எங்கள் வயல் கண்டத்தில் ஆட்கள் முறை போட்டுக் காவல் இருப்போம். முன்னிரவில் மற்றவர் விழித்திருக்கும்போதுதான் என் வாசிப்பு, என் முறை வந்துவிட்டால் போனை மடிக்குள் வைத்துவிடுவேன். வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு இருட்டு பிடிபடக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் யானை வரம்புக்கு வந்துவிடும். அனுபவம் இல்லாதவர்கள் நினைப்பார்கள் யானை என்றால் சத்தம் கேட்கும் என்று. இல்லை. நெற்பயிரைச் சுருட்டி இழுக்கிற சரசரப்பு மட்டும்தான் கேட்கும், அதுவும் காற்று இந்தப் பக்கம் வீசினால்.

இந்த மாதம் பெரும்பாலும், ஈழத்துப் புத்தகங்களை ஸ்கேன் பண்ணி இணையத்தில் போடுகிற 'நூலகம்' தளத்தில் இருந்து இறக்கியவைதான். 2005இல் தொடங்கிய அந்த வேலை எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அதைச் செய்கிறவர்களுக்குத் தெரியுமோ தெரியாது. வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது, வாங்க வேண்டும் என்று தேடினால் எங்கே கிடைக்கப்போகிறது? அதை அங்குமிங்குமாக வாசித்தேன். முதலில் இருந்து கடைசிவரை வாசிக்கிற புத்தகம் இல்லை அது. வேளாண்மைச் செய்கையில் எங்கள் ஆட்கள் புழங்கும் சொற்கள், கூத்து, கண்ணகி வழிபாடு, நாட்டுப் பாடல் என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏதாவது ஒன்று இருக்கும். பழைய 'மல்லிகை' சஞ்சிகை இதழ்களும் போனில் கிடக்கின்றன, ஒரு சிறுகதை வாசித்துவிட்டு மூடிவிடலாம்.

ஸ்கேன் பண்ணிய புத்தகத்தைப் போனில் வாசிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். போனைச் சரித்துப் பிடியுங்கள், அரைப் பக்கம் அரைப் பக்கமாக எழுத்து பெரிதாகத் தெரியும். வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் பூச்சி முழுக்க முகத்தில்தான். நான் தலையோடு போர்வையை மூடிக்கொண்டுதான் வாசிப்பது, பக்கத்து வாடிக்காரர் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு நான் யாருக்கோ களவாக மெசேஜ் போடுகிறேன் என்று ஊருக்குள் கதை கட்டிவிட்டார், வீட்டில் விளக்கம் சொல்லி முடியவில்லை.

கையில் இருந்த புத்தகம் என்றால் விமல் குழந்தைவேலின் 'கசகறணம்'. அக்கரைப்பற்றுக் கதை. சந்தையில் தமிழ் மனுசிகளும் முஸ்லிம் மனுசிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வியாபாரம் செய்த காலமும், அது பிறகு எப்படி முறிந்தது என்பதும். கதைக்கிறது எல்லாம் எங்கள் வாய்ப்பேச்சுதான். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன், சில பக்கம் வாசித்ததோடு திருப்பித் தந்துவிட்டார், எனக்கென்றால் பெத்தா (பாட்டி) பக்கத்தில் இருந்து கதைக்கிற மாதிரிக் கேட்டது. சிரித்துச் சிரித்து வாசித்துக்கொண்டு போகும்போதே பின்னால் என்ன வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியுமல்லவா, அதனால் நடுவில் சில நாள் திறக்காமலே வைத்திருந்தேன். வாடிக்குள் தனியாக இருந்து வாசிக்கிற புத்தகம் இல்லை அது. ஆனால் வாசியுங்கள்.


காரைதீவு ரீச்சர்:

மகள், உங்கள் பதிவைப் பார்த்துச் சந்தோசம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, என் பிள்ளைகள் வளர்ந்து வெளிநாட்டில், ஆகவே நேரம் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் பிள்ளைகள் சின்னனாக இருந்த காலத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். மாலையில் விளக்கு வைத்த பிறகு பிள்ளைகள் மேசையில் படிக்கும்போது நானும் அதே மேசையில் என் புத்தகத்தோடு இருப்பேன். அவர்கள் பாடம், நான் நாவல். தாய் வாசிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வாசிக்கும். உங்கள் சொந்தக்காரருக்கும் அதையே பதிலாகச் சொல்லுங்கள்: நான் வாசிப்பது பிள்ளையின் படிப்புக்குத்தான் என்று.

இந்த மாதம் நான் வாசித்தது விபுலாநந்த அடிகளின் கட்டுரைகள். அடிகளாரின் ஊர்க்காரி என்பதால் வெளியூர் ஆட்கள் என்னைக் கண்டால் 'யாழ் நூல்' வாசித்தீர்களா என்று கேட்பார்கள். 1947இல் அடிகளார் கண்மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அது அரங்கேறியது. பெரும் உழைப்பு, ஆனால் பண்ணும் சுருதியும் கணக்கும் தெரியாதவர்கள் சும்மா புரட்டி முடிக்கிற நூல் அல்ல, நான் பல முறை தொடங்கி வணங்கி வைத்திருக்கிறேன். கட்டுரைகள் அப்படி அல்ல. ஒன்றை எடுத்தால் ஒரே இருப்பில் முடிக்கலாம், நல்ல தமிழ் காதில் விழும். உங்கள் கல்லடியில்தானே அடிகளார் துயில்கிறார், 'வெள்ளைநிற மல்லிகையோ' பாட்டு அங்கே பொறித்திருக்கும், பிள்ளைகளை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான் வாசிக்க வேண்டும். கண்டதையும் திறந்து வைத்தால் எதுவும் முடியாது. பொன்னியின் செல்வனை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.


சும்மாவந்தவன்:

நான் இந்த மாதம் வாசித்தவை: கரண்ட் பில், தண்ணி பில், மகனின் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவித்தல்கள். கடைசியாகச் சொன்னது பொன்னியின் செல்வனை விட நீளம், சூழ்ச்சியும் கூட.


மருதூர் உம்மா:

சும்மாவந்தவன், சிரித்து முடியல்ல. எங்கள் குழுவில் குந்தவையும் இருக்கிறா, நந்தினியும் இருக்கிறா, யார் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கல்லடித் தங்கச்சி, நான் சாய்ந்தமருது. எனக்கு வாசிக்கிற இடம் ஆட்டோ. மகளை ரியூசனுக்கு இறக்கிவிட்டு அவள் வரும்வரை ஆட்டோவுக்குள்ளேயே இருப்பேன், வீட்டுக்குப் போய் வந்தால் எண்ணெய்க் காசு நட்டம். மற்ற உம்மாமார் மதிலோரமாக நின்று பிள்ளைகளின் மார்க்ஸ் பற்றிக் கதைப்பார்கள். நான் முதலில் கொஞ்ச நேரம் போய் நின்று கதைத்துவிட்டு, பெருமைக்காரி என்று பெயர் வரக்கூடாதே, பிறகு வந்து புத்தகத்தை எடுப்பேன்.

அந்த இடத்துக்கு நாவல் சரிவராது, நடுவில் யாராவது வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். கவிதைதான் சரி. இந்த மாதம் முழுக்க இரண்டு புத்தகம்தான் பையில் கிடந்தது. ஒன்று எங்கள் ஊர்க் கவிஞர் அனார் தொகுத்த 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்', கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்கள். வேளாண்மை வெட்டப் போன இடத்திலும் காவல் பரணிலும் எங்கள் ஆட்கள் பாடின கவி எல்லாம் அதில் இருக்கிறது. நான் வாசித்துக்கொண்டு இருந்தபோது ஆட்டோக்கார நானா பின்னால் திரும்பி, அடுத்த அடியை அவரே சொன்னார். அவருடைய மூத்தம்மா பாடுவாவாம். பிறகு அன்றைக்கு நான் வாசிக்கவில்லை, அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன், சிலது புத்தகத்தில் இருப்பதை விட வேறு மாதிரி. அவருக்குத் தெரிந்த சிலதைப் பொம்பிளையான என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு விழுங்கிவிட்டார், அது முகத்திலேயே தெரிந்தது.

மற்றது நுஃமான் சேர் மொழிபெயர்த்த 'பாலஸ்தீனக் கவிதைகள்'. 1981இல் முதல் வந்த புத்தகம். இப்போது காஸா செய்தி பார்க்கிற ஒவ்வொரு நாளும் அதைத்தான் எடுக்கத் தோன்றுகிறது. ஒரு நாளைக்கு ஒரு கவிதைக்கு மேல் என்னால் முடியாது. நாற்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது, ஒரு வரியும் பழசாகவில்லை, அதுதான் கொடுமை.

நோன்பு வந்தால் என் வாசிப்பு வேறு, அந்த மாதத்தில் ஓதுவதுதான், கதை கவிதை எல்லாம் பெருநாளைக்குப் பிறகு. அதனால் இப்போதே அவசரமாக வாசிக்கிறேன்.

ரீச்சர் கோபிக்காதீர்கள், ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் என்பது கைப்பிள்ளை இல்லாத வீட்டுச் சட்டம். எனக்கு ஆட்டோவுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று வேண்டும். அடுப்படிப் புத்தகத்தில் மஞ்சள் படும், ஆகவே இரவல் புத்தகம் அங்கே போகக்கூடாது.


கல்லடியாள்:

எல்லாருக்கும் நன்றி. ராத்தா, அடுப்படிப் புத்தகம் என்று ஒன்றைத் தனியாக வைக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வட்டைக்கார அண்ணா, போனைச் சரித்துப் பிடித்துப் பார்த்தேன், உண்மையாகவே வாசிக்க முடிகிறது.

ரீச்சர், நீங்கள் சொன்ன மேசை நல்ல யோசனைதான், உங்கள் வீட்டில் நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் பதிலாக அதைச் சொந்தக்காரரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அது உண்மை இல்லை. நான் டீச்சரம்மாவை வாசித்தது என் மகளுக்குப் புள்ளி கூடுவதற்காக இல்லை. அவளுக்காக நான் செய்கிற வேலைகள் ஒரு நாளில் நிறைய இருக்கின்றன, எல்லாம் விருப்பத்தோடுதான் செய்கிறேன். வாசிப்பையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் அதுவும் ஒரு தாய் வேலை ஆகிவிடும். நாளைக்கு மகள் புத்தகத்தைத் தொடாத பிள்ளையாக வளர்ந்தாலும் நான் வாசிப்பேன். அப்படி இருக்கும்போது பிள்ளைக்காக என்று ஏன் ஒரு சாட்டுச் சொல்ல வேண்டும்? இவர் கூட்டாளிமாரோடு கிரிக்கெட் விளையாடப் போகும்போது அதனால் பிள்ளைகளுக்கு என்ன நன்மை என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேசையில் பக்கத்தில் இருந்தால் நான் வாசிக்க மாட்டேன், அவளுடைய கொப்பியைத்தான் எட்டிப் பார்ப்பேன். அவளுக்கும் நிம்மதி இல்லை, எனக்கும் இல்லை.


காரைதீவு ரீச்சர்:

மகள், கோபம் இல்லை. நான் ஆசிரியையாகவே யோசித்துவிட்டேன். நீங்கள் சொல்வதை வாசித்த பிறகு நினைத்துப் பார்த்தால், என் பிள்ளைகளில் மூத்தவர் நன்றாக வாசிப்பார், இளையவர் அதே மேசையில் இருந்து வளர்ந்தும் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்ட மாட்டார். எனினும் ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் என்பதில் நான் மாறமாட்டேன்.


அலுமாரிச்சாவி:

நான் பிரதேச சபை நூலகம் ஒன்றில் வேலை, ஊர் வேண்டாம். இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறவனுக்கு வாசிக்க என்ன குறை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வேலை நேரத்தில் நான் வாசிப்பது புத்தகங்களின் முதுகைத்தான். எடுத்து அடுக்கும்போது ஒரு பக்கம் கண்ணில் பட்டு அப்படியே நின்றுவிட்டால் உடனே யாராவது கடந்தகால வினாத்தாள் கேட்டு வந்துவிடுவார்கள். எங்கள் நூலகத்தில் அதிகம் கிழிவது அதுதான், கதைப் புத்தகங்கள் அல்ல.

தங்கச்சி வாங்காமல் வாசிக்கக் கேட்டதால் சொல்கிறேன். பெரிய புத்தகக் கடை இல்லாத ஊர்களிலும் சபை நூலகம் இருக்கும், அங்கத்துவப் பணம் பெரிய காசு இல்லை, கிராம சேவகரின் கடிதம் மாதிரி ஏதாவது கேட்பார்கள், ஒருநாள் அலைச்சல், அவ்வளவுதான். போய்க் கேட்கும்போது "நல்ல நாவல் இருக்கா" என்று கேட்காதீர்கள், ரமணிசந்திரனைத்தான் எடுத்துத் தருவார்கள், அதிலும் பிழை இல்லை, ஆனால் உங்களுக்கு வேண்டியது அது இல்லை என்று நினைக்கிறேன். எழுத்தாளரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஈழத்துப் புத்தகங்கள் பல இடங்களில் தனி அலுமாரியில் பூட்டியிருக்கும், உசாத்துணைப் பிரிவு என்று எழுதியிருக்கும், வெளியே தரமாட்டார்கள். ஒரு பிரதிதான் இருக்கிறது, துலைந்தால் திரும்ப வாங்க ஏலாது என்பதுதான் காரணம். அங்கேயே இருந்து வாசிக்கலாம். சனிக்கிழமை பிள்ளை வகுப்பில் இருக்கிற நேரம் நூலகம் பக்கத்தில் என்றால் நல்ல வாய்ப்பு.

அந்த அலுமாரிக்குள் இருந்து வெட்டுப்பட்ட நேரத்துக்கு எதை எடுப்பது? என் தெரிவு சிறுகதைதான். கல்முனை உமா வரதராஜனின் 'உள்மன யாத்திரை' எடுங்கள். அவருடைய 'அரசனின் வருகை' கதையை வாசித்தால் ராசா, பரிவாரம் என்று ஏதோ பழைய காலத்துக் கதை மாதிரித் தொடங்கும், கொஞ்சம் போனதும் உங்கள் ஊர்த் தெருதான் அது என்று பிடிபடும். அன்றைய காலத்தில் நேரடியாக எழுத முடியாததை அப்படித்தான் எழுத வேண்டியிருந்தது. ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' இன்னொன்று. ஆற்றங்கரையும் மாடும் மனிசரும், எங்கள் மண் அப்படியே. கவிதை என்றால் நீலாவணனில் தொடங்குங்கள். 1975இல் போய்விட்டார், நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அவருடைய பாட்டுகளை வாய்விட்டு வாசிக்க வேண்டும், மனதுக்குள் வாசித்தால் பாதிதான் கிடைக்கும்.

நான் ஜனவரியில் வாசித்தது என்று கேட்டால், புதுமைப்பித்தனைத் திரும்பவும். அவருடைய கதைகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன, 'மதுரைத் திட்டம்' என்ற இணைய நூல் தொகுப்பில் தேடலாம். எழுத்தாகவே இருக்கும், ஸ்கேன் இல்லை, போனில் எவ்வளவு பெரிதாக்கினாலும் வாசிக்கலாம். 'செல்லம்மாள்' கதையை இளந்தாரியாக இருந்தபோது வாசித்து, நல்ல கதை என்று சொல்லிவிட்டுப் போனேன். இப்போது மனைவிக்குச் சுகமில்லாமல் கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் வாசித்தேன், பிரமநாயகம் பிள்ளை அடுப்பு மூட்டுகிற இடத்துக்கு மேல் போக முடியவில்லை. வீட்டுக்கு வந்துதான் மிச்சத்தை முடித்தேன். மனைவி இப்போது நல்ல சுகம், கேட்கப்போகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் பாகத்தில் நிற்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் நூலகத்தில் பொன்னியின் செல்வன் முதல் இரண்டு பாகமும் அட்டை பிய்ந்து கட்டியும் கட்டியும் கிடக்கும், நாலாவது புத்தம் புதுசு. கடம்பூரை விட்டு வெளியே வந்தால் ஐந்தாம் பாகம் தானாக ஓடும், புயல் எல்லாம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட விடுமுறைவரை அதை அப்படியே வைத்தாலும் ஆழ்வார்க்கடியான் ஒன்றும் சொல்லமாட்டான்.


மருதூர் உம்மா:

அலுமாரிச்சாவி நானா, மனைவிக்கு துஆ செய்கிறோம். அந்தப் பூட்டின அலுமாரியைப் பற்றி ஒரு முறைப்பாடு. நான் ஒரு நூலகத்தில் கேட்டபோது சாவி வைத்திருக்கிறவர் லீவு என்றார்கள், அடுத்த கிழமை போனாலும் லீவு. அது நீங்கள் இல்லையே?


அலுமாரிச்சாவி:

நான் லீவு எடுத்தால் வீட்டில் வேலை சொல்வார்கள், அதனால் எடுப்பதில்லை ராத்தா.


கல்லடியாள்:

சரி, பெப்ரவரிக்கு என் திட்டம். கடம்பூரை ஏப்ரல் விடுமுறைவரை பூட்டி வைக்கிறேன், ரீச்சர் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மோட்டர் ஓடும் நேரத்துக்குப் புதுமைப்பித்தன், இப்போதே 'செல்லம்மாள்' இறக்கிவிட்டேன், ஆனால் நானா சொன்னதைக் கேட்ட பிறகு முதலில் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' போகலாம் என்று இருக்கிறேன். சனிக்கிழமை மகளின் வகுப்புக்கும் நூலகத்துக்கும் நடை தூரம்தான், அங்கத்துவப் படிவம் வாங்கி வந்தாயிற்று. உமா வரதராஜனைப் பெயர் சொல்லிக் கேட்டேன், இருக்கிறது என்றார்கள், உள்ளேயே இருந்து வாசிக்க வேண்டுமாம். கதிரைக்கு மேலே காற்றாடி இருக்கிறது, வீட்டை விட வசதி.

வட்டைக்கார அண்ணா, 'கசகறணம்' எங்கேயும் கிடைக்கவில்லை. இரவலாகத் தர முடியுமா? உள்பெட்டியில் எழுதுகிறேன். அடுப்படிக்குக் கொண்டுபோக மாட்டேன்.


வட்டைக்காரன்:

தரலாம் தங்கச்சி. இப்போது பெத்தா மாதிரி ஆட்களுக்கே வாசிக்கக் கொடுத்திருக்கிறேன், அதாவது என் மாமியாருக்கு. அவ வாசிக்கிறதை விட உரத்துச் சண்டை பிடிக்கிறதுதான் கூட, "இவன் எழுதினது சரியில்ல, அப்ப அந்தக் கடை இந்தப் பக்கமில்ல" என்று ஒவ்வொரு பக்கத்திலும் வழக்கு. முடிக்கட்டும். வெட்டு மெஷின் இந்தக் கிழமை வருவதாகச் சொன்னார்கள், மழை தூறாமல் இருந்தால் நெல்லை ஏற்றிவிட்டு நானே மட்டக்களப்புக்கு வருகிற வேலை ஒன்று இருக்கிறது, அப்போது கொண்டுவருகிறேன். அதற்குள் நீலாவணன் இருந்தால் எனக்கு யாராவது சொல்லுங்கள், நூலகம் தளத்தில் தேடி இறக்க டேட்டா முடிந்துவிட்டது, மகனுக்கு இணைய வகுப்பு என்று எல்லாவற்றையும் அவன் தின்றுவிட்டான்.